வெளிர்நீலம், நாலு கோட்

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, மச்சாது காம்பவுண்டில் வரிசையாக இருந்த ஆறு வீடுகளில் நான்காவது வீட்டின் சுவர்கள், டெல்பின் மூன்றாவது கோட் வெளிர்நீலம் அடித்து முடித்துப் பிரஷ்ஷை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானத்தில், யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல், கரையை விட்டுக் கிளம்பும் தோணியின் நிதானத்தோடு பின்னால் நகர்ந்து, பத்துக்குப் பத்து அறையை நாற்பதுக்கு முப்பத்தெட்டாக ஆக்கிவிட்டு நின்றன.

டெல்பின் முதலில் செய்தது பிள்ளையைத் தூக்கியதுதான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அமலியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் பிரஷ் சொட்டச் சொட்ட, தன் வீடு எங்கே போய் முடிகிறது என்று பார்த்தாள்.

அமலிக்குப் பதினேழு மாதம். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் காய்ச்சல் ஏறி, டெல்பின் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போய்த் திரும்பிய நேரத்துக்குள், கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக் கிடந்தாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள். காய்ச்சலுக்குச் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், வளர வளரச் சரியாகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். டெல்பின் பயப்பட்டாள். அன்றைக்கிருந்து அவள் பிள்ளையைக் கை எட்டாத தூரத்தில் விட்டதே கிடையாது. அந்தப் பத்துக்குப் பத்து அறை அதற்குத் தோதாக இருந்தது: அடுப்படியில் நின்று கையை நீட்டினால் கட்டில், கட்டிலில் இருந்து நீட்டினால் பீரோ, பீரோவிலிருந்து நீட்டினால் கதவு. பிள்ளை எங்கே இருந்தாலும் ஒரு கை நீளம். அமலி எழுந்து நிற்பாள், எதையாவது பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு நகர்வாள், அதற்குள் அம்மாவின் கை வந்துவிடும். நடக்கவே இல்லை. காம்பவுண்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். டெல்பின் காதில் விழும்படி பேசவில்லை.

பெயிண்ட் அடிக்க வேண்டி வந்ததும் அமலியால்தான். உப்புக் காற்றில் சுவர் பொரிந்து, அப்பளம் மாதிரி எழும்பி நின்ற சுண்ணாம்பை அவள் நகத்தால் பெயர்த்து வாயில் போட ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்காரர் கஸ்பார் மச்சாது, வெளிச்சுவர்தான் தன் பொறுப்பு, உள்சுவர் குடியிருக்கிறவர்கள் பாடு என்று சொல்லிவிட்டார். புருஷன் ரெமிஜியுஸ் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை. போனால் இருபது நாள், காற்று முறுக்கிக்கொண்டால் முப்பது. ஆள் வைத்து அடிக்க வசதியில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லா வீடும் வெள்ளையடிக்கும் மாதம் அது. பிள்ளையை முதுகில் சேலையால் கட்டிக்கொண்டு டெல்பினே இறங்கினாள். பழைய தோசைத் திருப்பியால் இரண்டு நாள் சுவரைச் சுரண்டினாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், வெடிப்புக்குப் பட்டி இழுத்தாள். ஆப்பிள் பெட்டி இரண்டைக் கவிழ்த்து ஆணியடித்து அலமாரி செய்தாள். கல்யாணத்துக்கு வந்த சேலை ஒன்று கிழிந்து கிடந்ததை ஜன்னலுக்குத் திரையாக்கினாள். ஐந்தாம் வீட்டுத் தையல்காரி சண்முகக்கனி அதற்குச் சும்மாவே ஓரம் அடித்துக் கொடுத்தாள். எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் அடித்து அதில் குரோட்டன்ஸ் கொம்பு ஒன்றை ஊன்றி வாசலில் வைத்தபோது, டெல்பினுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பெயிண்ட் கொடுத்தது பொன்னுலிங்கம் அண்ணாச்சி. யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போன வெளிர்நீல டிஸ்டம்பர், பாதி விலைக்கு.

"வெளிர் கலரு அடிச்சா ரூம் பெருசாயிரும் தங்கச்சி," என்றார் அவர். "நாலு கோட்டு. ஒவ்வொண்ணும் நல்லாக் காய்ஞ்ச பொறவு அடுத்தது. நாலுக்குக் கொறைச்சிராதீங்க, ஆமா. அடுப்புச் சுவரு மட்டும் எண்ணெய் பெயிண்டு கேக்கும், அத இப்ப விட்ருங்க."

டெல்பின் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்தவள். சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்யும் பழக்கம் அவளுக்கு அங்கே ஊறிப்போயிருந்தது. அடுப்பும் கதவும் இருந்த முன்சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்று சுவருக்கும் அடித்தாள். ஒரே ஒரு இடத்தில்தான் பிரஷ் படவில்லை.

அது பின்சுவரில் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தின் பின்பக்கம். கல்யாணம் முடிந்து குடிவந்த அன்றைக்குப் பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்து, தன் கையாலேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போன படம். அப்படி மாட்டினதை வீட்டிலுள்ளவர்கள் நினைத்தபோது கழற்றுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. வெள்ளையடிக்க வருகிறவர்கள்கூடப் படத்தைச் சுற்றி அடித்துவிட்டுப் போவார்கள். டெல்பினும் சுற்றித்தான் அடித்தாள். ஆகவே படத்துக்குப் பின்னால் இருந்த ஒன்றரை அடிச் சதுரத்துக்கு நிறம் சேரவில்லை, நிறம் சேராததால் பெரிதாக வேண்டிய அவசியமும் அதற்கு ஏற்படவில்லை, பின்சுவர் முழுக்க முப்பதடி தள்ளிப் போனபோது அந்தத் துண்டு மட்டும், ஆணியோடும் படத்தோடும் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்போடும், பழைய இடத்திலேயே தரைக்கு ஐந்தடி மேலே, எதிலும் ஒட்டாமல் நின்றுவிட்டது. வயர் சுவரோடு போய்விட்டது. பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தவள் மூன்றாம் வீட்டு பிலோமி அக்கா, கொடுத்த சல்லடையைத் திரும்ப வாங்க. மீன் ஏலத்தில் இருபது வருஷம் குரல் கொடுத்துப் பழகினவள், வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏட்டி, படத்தக் கழட்டாமலா அடிச்ச?"

"சாமியார் மாட்டின படம்லாக்கா."

"அதுவும் சரிதான்." பிலோமி உள்ளே போய்ப் படத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "பின்னால பல்லி முட்டை கெடக்கு பாரு. தொடச்சு விடு. இனும ரெண்டு பக்கமும்லா ஆளு பாக்கும்." பிறகுதான் தலையை நிமிர்த்தி அறையைப் பார்த்தாள். "பட்டி நல்லா இழுத்திருக்க. ஆனா அந்த மூலையில திட்டுத் திட்டாத் தெரியுது. இன்னும் ஒரு கோட்டு பாக்கி இருக்குல்லா?"

"வேண்டாம்க்கா. இது போதும். பயமா இருக்கு."

"என்னத்துக்குப் பயம்? நாலுன்னா நாலு. மூணோட விட்டா மழைக்குப் பொரியும், பொரிஞ்சா மறுபடி பிள்ளை திங்கும்."

டெல்பின் பிரஷ்ஷை மறுபடி வாளியில் ஊறப் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் காம்பவுண்டே திரண்டு வந்தது. நாற்பதடிச் சுவருக்கும் பத்தடிச் சுவருக்கு வாங்கிய பெயிண்டே போதுமாக இருந்தது. பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்தால் அது பாட்டுக்கு நாலடி ஓடியது. பதினோரு மணிக்கு முடித்துக் கை கழுவினார்கள். சுவர்கள் பதினொன்றேகாலுக்குக் கிளம்பின. பொழுது சாய்கிற மட்டும் போய்க்கொண்டே இருந்தன. தளமும் தரையும் கூடவே நீண்டு போயின. கடைசியில் எவ்வளவு தூரத்தில் போய் நின்றன என்று அளக்க யாரிடமும் டேப் இல்லை. வாசலில் நின்று பார்த்தால் பின்சுவர் கடலும் வானமும் சேரும் இடத்துக் கோடு மாதிரித் தெரிந்தது, அதிலிருந்த ஜன்னல் ஒரு தபால் தலை. ஆனால் செபமாலையில் இருபது மணி உருட்டி முடிக்கிற நேரம் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே அதே முருங்கைமரம் பழையபடி சாய்ந்து நின்றது, கையை விட்டுக் கீரை ஒடிக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் நான்காம் வீடு மூன்றாம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுவில் பத்தடியாகவே இருந்தது.

கஸ்பார் மச்சாது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டேப்போடு வந்தார். உள்ளே அளக்க ஆரம்பித்து, நூறடி டேப் படத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துபோக, நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இது நான் விட்ட வீடு இல்லியே டெல்பினு. வாடகை பேசுனது பத்துக்குப் பத்துக்குல்லா."

டெல்பின் வாயைத் திறப்பதற்குள் பிலோமி வந்துவிட்டாள். "ஐயா, நீங்க வெளிச்சுவருக்குப் பொறுப்பு. வெளிய போய் அளங்க. பத்துக்கு ஒரு இஞ்சு கூட இருந்தா நான் தாரேன்."

மச்சாது வெளியே போய் அளந்தார். பத்து. அவர் கோணலான மனிதர்தான், ஆனால் தன் வாயால் சொன்னதை மாற்றமாட்டார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். அவருக்குச் சர்க்கரை. தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். ரோட்டில் நடந்தால் நாய் துரத்துகிறது, வெயில் அடிக்கிறது, தெரிந்தவர்கள் நிறுத்திப் பேசுகிறார்கள். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்து, "ஒரு நடை போய்ட்டு வந்துருதேன் பிள்ள," என்று கதவருகே கேட்டபோது, டெல்பின் ஒதுங்கி வழிவிட்டாள். அன்றிலிருந்து அவர் தினம் வந்தார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு வீட்டுத் துணியும் டெல்பின் வீட்டுக்குள் கொடி கட்டிக் காய்ந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு திசையில் போய் உட்கார்ந்தார்கள்; சத்தமாகப் படித்தாலும் ஒருவர் படிப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. கோயில் பாட்டுக்குழு கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பழக அங்கேதான் வந்தது. அவர்கள் பாடிய ஒவ்வொரு வரியும் பின்சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த வரியோடு சேர்ந்துகொண்டதால், இரண்டாம் குரலுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சண்முகக்கனியின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் இருபத்தாறு பேர் வந்தபோது அங்கேதான் ஜமுக்காளம் விரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், பின்சுவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், காப்பி ஆறின பிறகு திரும்பி வந்து, "நல்ல காத்தோட்டமான வீடு," என்றார். சம்பந்தம் முடிவாயிற்று. பங்குச் சாமியாரும் ஒரு நாள் வந்து, அந்தரத்தில் நின்ற படத்தைச் சுற்றி நடந்து பார்த்து, இரண்டு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். மந்திரிச்சது மந்திரிச்ச இடத்திலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு, டெல்பின் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் அந்த அறை பிடித்திருந்தது. டெல்பின் ஒருத்திக்குத்தான் பிடிக்கவில்லை. முன்பு அறைக்கு நான்கு மூலை இருந்தன, நான்கும் கண்ணுக்குத் தெரிந்தன. இப்போது பிள்ளை எந்தப் பக்கம் உருண்டாலும் அந்தப் பக்கத்துக்கு முடிவில்லை. வெங்காயம் நறுக்கத் தலையைக் குனிந்தால், நிமிர்கிற நேரத்துக்குள் பிள்ளை எங்கேயாவது தொலைவில் கிடந்து, கண் செருகி, யாரும் கேட்காமல் இழுத்துக்கொண்டிருப்பாளோ என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பழைய பருத்திச் சேலையை நீளவாக்கில் கிழித்து முறுக்கி, ஒரு நுனியைத் தன் இடுப்பிலும் மறு நுனியை அமலியின் கவுன் இடுப்புப்பட்டியிலும் முடிந்தாள். மூன்று முழம். அதோடுதான் சமைத்தாள், துவைத்தாள், வாசலைப் பெருக்கினாள். துணி எடுக்க வந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பார்த்தார்கள், அதைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார்கள். மச்சாது மட்டும் ஒரு நாள் காலை நடை முடிந்து வரும்போது நின்று பார்த்துவிட்டு, "கப்பல ஜெட்டிக் கம்பத்துல கட்டின மாதிரிலா கட்டி வச்சிருக்க," என்றார். சிரிக்காமல் சொன்னார்.

மாலேயில் இருந்து ரெமிஜியுஸ் போன் பண்ணினான். டெல்பின் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"காத்து வருதா?"

"வருது."

"பொறவு என்ன. பிள்ளை நடக்காளா?"

"இல்ல."

"சரி. நடப்பா," என்றான். அவன் வைத்த பிறகும் டெல்பின் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, நேராகப் பொன்னுலிங்கம் அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

"ரூமைச் சின்னதாக்க என்ன கலர் அடிக்கணும் அண்ணாச்சி?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடர் கலரு அடிக்கணும். காப்பிக்கொட்டை, கரும்பச்சை, அந்த மாதிரி. ஒரு கோட்டு அடிச்சாலே பாதி உள்ள வந்துரும்." பின்பக்கம் போய், அடிவாங்கி நசுங்கிய ஒரு டின்னை எடுத்து வந்து வைத்தார். "கடை வச்சு முப்பது வருசமாச்சு. ரூம் சின்னதா இருக்குன்னுதான் எல்லாரும் வருவாங்க. பெருசாயிட்டுன்னு வந்தது நீங்க ஒரு ஆளு."

"பிள்ளையைப் பாக்க முடியல அண்ணாச்சி."

அவர் இடுப்பில் இருந்த பிள்ளையையும் கயிற்றையும் பார்த்தார். டின்னுக்குப் பாதிக் காசுதான் வாங்கினார்.

கறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும் அந்தக் காப்பிக்கொட்டை நிறத்தை டெல்பின் தூக்கிக்கொண்டு வருவதைக் காம்பவுண்டு பார்த்தது. அவள் எதிர்பார்த்தது சண்டை. யாரும் சண்டைக்கு வரவில்லை. சாயங்காலத்துக்குள் கொடிகள் இறங்கின. துணிகள் அரை ஈரமாகவே மடிக்கப்பட்டு அவரவர் வீட்டுக்குப் போயின. படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். பாட்டுக்குழு ஆர்மோனியத்தைத் தூக்கிப் போயிற்று. சண்முகக்கனி தன் ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த மாசம் நிச்சயத்துக்கு மண்டபம் பாத்துருவோம் மதினி, நீங்க ஒண்ணும் நெனைக்காதிய," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க டெல்பினுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை பிலோமி இரண்டு பிரஷ்ஷோடு வந்தாள். "ஒன் வீடு, ஒன் பிள்ளை. நாங்களும் வாரோம், ஒருத்தியா எங்க அடிச்சு முடிப்ப? ஆனா மொத இழுப்பு நீதான் இழுக்கணும். நீ ஆரம்பிச்ச சுவரு. எங்க கைக்குக் கேக்குதோ என்னமோ."

"பிள்ளையை?"

"அவ்வளவு தூரம் டின்னையும் தூக்கி, பிள்ளையையும் தூக்கியா? கட்டில்ல விடு. மச்சாது ஐயா இன்னைக்கு நடக்கல, கால் வலிங்காரு. அவர் இருக்கட்டும்."

மச்சாது கட்டிலில் வந்து உட்கார்ந்து, "நான் பாத்துக்கிடுதேன், நீ போ பிள்ள," என்றார். டெல்பின் கயிற்றைத் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கட்டில் காலில் மூன்று முடிச்சுப் போட்டாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு, பத்து மாதத்தில் முதல் தடவையாக, இடுப்பில் எடையில்லாமல் நடந்தாள்.

தன் எட்டுகளை எண்ணிக்கொண்டே போனாள். படத்தைத் தாண்டினாள். நூறு, இருநூறு. ஒவ்வொரு எட்டுக்கும் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கட்டிலோரத்துப் பிள்ளை இன்னும் கொஞ்சம் சின்னதாகியிருந்தாள். அழுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள். முந்நூறு. அழவில்லை. நானூற்றுப் பதினெட்டாவது எட்டில் சுவர் வந்தது.

பிலோமி டின்னைத் திறந்து கொடுத்தாள். சண்முகக்கனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். டெல்பின் பிரஷ்ஷை முக்கி, டின் விளிம்பில் வழித்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் கண் மட்டத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். வெளிர்நீலத்தின் மேல் காப்பிக்கொட்டை நிறம் ஈரமாக மின்னியது. காலுக்குக் கீழே தரை சன்னமாக அதிர்ந்தது. சுவர் ஒரு சாண் முன்னால் வந்தது. இரண்டாவது இழுப்புக்கு ஒரு முழம்.

"கேக்குது," என்றாள் பிலோமி. "ம், இழு."

எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்று பார்க்க டெல்பின் திரும்பினாள்.

கட்டிலில் மச்சாது சாய்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் காலில் கயிறு இருந்தது, கயிற்று நுனியில் கவுன் கிடந்தது. கவுனுக்குள் பிள்ளை இல்லை. பிள்ளை படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள், அரைஞாண் கயிறும் கழுத்தில் மாதா சுரூபப் பதக்கமுமாக. அந்தப் பல்பின் சிவப்பு அவள் தலைமுடி மேல் விழுந்திருந்தது. அங்கே பிடித்துக்கொள்ளக் கட்டில் இல்லை, பீரோ இல்லை, சுவர் இல்லை. கையைத் தூக்கிக் காற்றைத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு எட்டு வைத்தாள்.

டெல்பினுடைய உடம்பு முழுக்க ஓடத் தயாரானது. பிரஷ் கீழே விழுந்து, பெயிண்ட் அவள் பாதத்திலும் செருப்புக்குள்ளும் தெறித்தது. தொண்டை வரைக்கும் வந்த பெயரை அவள் வாயிலேயே பிடித்துக்கொண்டாள். ஓடினால் பிள்ளை உட்கார்ந்துவிடும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு காத்திருக்கும். அதைத்தானே பத்து மாதமாகப் பழக்கியிருக்கிறாள்.

பின்னால் சண்முகக்கனி பிரஷ்ஷை முக்கும் சத்தம் கேட்டது.

"அடிக்காதீங்க," என்றாள் டெல்பின். "எக்கா, அடிக்காதீங்க. சுவரு கிட்ட வந்துரும்."

"கிட்ட வரத்தானட்டி..." என்று ஆரம்பித்த பிலோமி, அவள் பார்க்கிற பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சண்முகக்கனியின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி டின்னுக்குள்ளேயே விட்டாள்.

அமலி விழுந்தாள். தலை அடிபடாமல் கையூன்றி விழுந்தாள். டெல்பின் தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து, தன் எடை முழுவதையும் அவற்றின் மேல் போட்டாள். பிள்ளை பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளாடி, எழுந்தாள். மறுபடி நடந்தாள். நாலு எட்டு. நின்றாள். ஆறு எட்டு. நடக்க நடக்கக் காலடியில் இன்னும் தரை இருந்துகொண்டே இருப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கீழே பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பின்சுவரில் பட்டு அவளிடமே திரும்பிப் போனது, அதற்கும் சிரித்தாள். தரைக்கும் தளத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் அளவுக்கு இருந்தவள் நடுவிரல் அளவுக்கு வளர்ந்தாள், பிறகு கைக்கரண்டி அளவு. கண் நேராக இருக்கிறதா என்று டெல்பின் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. நெற்றியில் வேர்வை தெரிகிற தூரம் வந்தபோது டெல்பினின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன, துடைக்கக் கையை வெளியே எடுக்க அவள் துணியவில்லை.

முக்கால் தூரத்துக்கு மேல் வந்ததும் அமலி நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஏதோ ஒரு நீளமான விஷயத்தை அவள் பாஷையில் சொன்னாள். பிறகு இடது பக்கமாகத் திரும்பி, அந்தப் பக்கச் சுவரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கக் கடைசி வரைக்கும் காம்பவுண்டில் யாரும் அதுவரை போனதில்லை. துணி காயப்போடவும் அவ்வளவு தூரம் தேவைப்பட்டிருக்கவில்லை, மச்சாதுவின் நடையும் நேர்கோட்டிலேயே போய் வந்துவிடும். அங்கே வெளிர்நீலம் தவிர ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, பிள்ளை அந்தால போறா," என்றாள் சண்முகக்கனி பதறி. "மதினி, எந்திரிங்க. தூக்குங்க."

டெல்பின் எழுந்தாள். உள்ளங்கைகள் மரத்துப்போயிருந்தன. குறுக்கே ஓடி மறிக்க அறுபது எட்டு போதும், அவள் கண் தானாகவே அளந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், சத்தம் கேட்டுப் பிள்ளை திரும்பிவிடாமல் இருக்க. வெறுங்காலில், காப்பிக்கொட்டை நிறத்தில் ஒற்றைப் பாதத் தடம் தரையில் ஒட்டி ஒட்டி வர, பிள்ளைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, முப்பது எட்டு இடைவெளி விட்டு, அவள் நின்றால் நின்று, அவள் நடந்தால் நடந்து, கூடவே போனாள்.

பிலோமி டின்னின் மூடியை வைத்து அமுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இருவரும் சின்னதாகிக்கொண்டே போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏலக் குரலில் கேட்டாள்:

"ஏட்டி டெல்பினு, சாப்பாட்டுக்கு வந்துருவீங்களா?"

டெல்பின் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைக்குக் கேட்காத குரலில், "அவளத்தான்க்கா கேக்கணும்," என்றாள்.